வண்டி தாங்காது

ஊசியம்மா என்றால் அந்த ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு வருகிற எல்லோருக்கும் தெரியும். அவளுடைய சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. காலை ஆறரைக்கு வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாளென்றால் பதினோரு மணிக்குள் அறுபது எழுபது கைகளைப் பார்த்துவிடுவாள். குண்டுக் கை, குச்சிக் கை, பயத்தில் சில்லிட்டுப்போன கை. எதுவானாலும் ஒரே குத்தில் நரம்பு அகப்பட்டுவிடும். "அந்தப் பக்கம் பாருங்க, முடிஞ்சிடுச்சு" என்று அவள் சொல்லும்போது நிஜமாகவே முடிந்திருக்கும். பொய் சொல்லி ஊசி போடுகிற பழக்கம் அவளிடம் இல்லை.

பொய்யெல்லாம் வேறு இடத்தில் சொன்னாள்.

அவளுடைய அப்பா மலைக்கு அந்தப் பக்கம் தம்பி வீட்டில் இருந்தார். தண்ணீர் வாரியத்தில் வீடு வீடாகப் போய் மீட்டர் பார்த்து, நடந்தே பணிக்காலத்தை முடித்த மனிதர். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தவர், கையிலிருந்த குவளையோடு சரிந்தார். வலது கையும் காலும் போயின. பேச்சும் போனது, ஒரே ஒரு சொல்லைத் தவிர. எங்கிருந்து வந்து ஒட்டிக்கொண்டதோ, 'வியாழக்கிழமை' என்ற சொல் மட்டும் வாயில் தங்கிவிட்டது. தண்ணீர் வேண்டுமென்றாலும் வியாழக்கிழமை, முதுகு வலித்தாலும் வியாழக்கிழமை. குரல் ஏறுவதையும் இறங்குவதையும் வைத்து என்ன கேட்கிறார் என்று கண்டுபிடிக்க வேண்டும். அதில் கைதேர்ந்தவள் தம்பி மனைவி. அஞ்சலகக் கவுண்டரில் பன்னிரண்டு வருஷம் வேலை பார்த்தவள், மாமனாருக்காக அந்த வேலையை விட்டிருந்தாள். தம்பிக்குப் பால் பண்ணையில் ஷிஃப்ட் வேலை. வந்தால் தூங்குவான், எழுந்தால் ஓடுவான்.

இருநூற்று முப்பது கிலோமீட்டர் தூரம், அதில் பாதி மலைப்பாதை. ஊசியம்மாவிடம் இருந்தது சின்ன மின்சாரக் கார். சமதரையில் ஓடிக்கொண்டே இருக்கும். ஏற்றத்தில் விட்டால் சார்ஜ் இறங்குவது கண்ணுக்குத் தெரியும். அப்பா விழுந்த புதிதில் ஒருமுறை துணிந்து கிளம்பி, கணவாய் உச்சியில் நாலு சதவீத சார்ஜோடு நின்றாள். அங்கே ஒரு இரும்புக்கடையில் கெஞ்சிக் கூத்தாடி, கடை ப்ளக்கில் வயரைச் சொருகி, ஆறு மணி நேரம் சாக்கு மூட்டை மேல் உட்கார்ந்திருந்தாள். அது நடந்த கதைதான். ஆனால் அந்தக் கதையை வைத்து மூன்று வருஷம் ஓட்டினாள். யார் கேட்டாலும், "எனக்கு மட்டும் வரக்கூடாதுன்னா இருக்கு? வண்டி தாங்காது" என்பாள். சொல்லச் சொல்ல அந்த நாலு, மூன்றாகி, ஒன்றரையாகி, ஒன்றில் வந்து நின்றது. "அடுத்த தடவை சொல்றப்போ மைனஸ்ல போயிடும்க்கா" என்று தம்பி ஒருமுறை போனில் சொன்னான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். வருஷத்துக்கு இரண்டு தடவை, பெரிய விடுமுறையில், கணவருடைய லீவையும் பார்த்து வேறு யாருடைய வண்டியிலாவது போய்விட்டு மறுநாளே திரும்பிவிடுவாள்.

பிறகு மலையில் ஃபாஸ்ட் சார்ஜர் நிலையங்கள் வந்தன. ஒன்றல்ல, மூன்று. அடிவாரத்தில் ஒன்று, கணவாயில் ஒன்று, அந்தப் பக்கச் சரிவில் ஒன்று. இருபத்தைந்து நிமிடத்தில் எண்பது சதவீதம் ஏறிவிடும் என்று செய்தித்தாளில் படத்தோடு போட்டிருந்தார்கள். கூரை போட்ட நிறுத்துமிடம், கண்ணாடி வைத்த காத்திருப்பு அறை, சுத்தமான கழிப்பறை, காப்பி மெஷின். மலைப்பயணம் இனி சுலபம் என்று தலைப்பு.

அந்தப் படத்தைத் தம்பி அவளுக்கு அனுப்பினான். கூட ஒரு வார்த்தை எழுதவில்லை. ஊசியம்மா அதைப் பார்த்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து நிமிர்த்திப் பார்த்தாள். படம் அப்படியேதான் இருந்தது.

"இனிமே போகலாம் போலிருக்கே" என்றார் அவளுடைய கணவர். அவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் உள்ள லிஃப்டையெல்லாம் ஓட வைக்கிற மனிதர் குடியிருந்தது லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் முதல் மாடியில்.

"போகலாம்" என்றாள் அவள்.

அப்படித்தான் சனிக்கிழமைகள் ஆரம்பித்தன. பன்னிரண்டு மணிக்குக் கோட்டைக் கழற்றுவாள். ரொட்டியைக் காரிலேயே தின்றுகொண்டு கிளம்பினால் ஐந்து மணிவாக்கில் தம்பி வீடு. போனதும் தம்பி மனைவி அடுப்படியில் நின்றபடியே வரிசையாகச் சொல்வாள்: மாத்திரை எது எப்போது, எந்தப் பக்கம் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், எந்த வியாழக்கிழமைக்கு என்ன அர்த்தம். சொல்லி முடித்ததும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிடுவாள். கோபமில்லை. அவ்வளவு அசதி. அவளுடைய விரல் இடுக்குகள் சோப்பில் வெடித்துக் கிடந்ததை முதல் சனிக்கிழமையே ஊசியம்மா பார்த்தாள். நாள் முழுக்கக் கைகளைப் பார்க்கிறவள் கண்ணுக்கு அது தப்பவில்லை.

ஞாயிறு சாயங்காலம் திரும்பி வருவாள். திங்கள் காலை ஆறரைக்கு முதல் கை வந்து நீளும். ஐந்தாவது வாரத்தில் ஒரு நாள், வாழ்க்கையில் முதல்முறையாக, ஒரு ஆளை இரண்டு தடவை குத்தினாள்.

அந்த ஓட்டத்தில் அவளுக்குக் கிடைத்த ஒரே ஓய்வு கணவாய் சார்ஜர்தான். வண்டியில் வயரைச் சொருகிவிட்டால் யாரும் எதுவும் கேட்க முடியாது. அந்தப் பக்கத்து வீடும் எட்டாது, இந்தப் பக்கத்து வீடும் எட்டாது. சீட்டைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொள்வாள். எண்பதுக்கு மேல் சார்ஜ் நத்தை மாதிரி ஊரும் என்று எழுதியே வைத்திருந்தார்கள், எண்பதில் எடுத்துவிட்டால் அடுத்தவருக்கு உதவி என்றும் போட்டிருந்தது. அவள் நூறு வரை விட ஆரம்பித்தாள். இருபத்தைந்து நிமிடம் ஒரு மணி நேரமானது. "சார்ஜர்ல கூட்டம்டா, என்ன பண்ணச் சொல்றே" என்று தம்பியிடம் சொல்லிவிடுவாள். அவனும் நம்பினான். புதிதாக வந்த இடமாயிற்றே, கூட்டம் இருக்காதா என்ன.

ஒன்பதாவது சனிக்கிழமை லேசாகத் தூறிக்கொண்டிருந்தது. கணவாயில் ஆறு சார்ஜர்களும் காலியாக இருந்தன. ஊசியம்மா வயரை மாட்டிவிட்டுக் காலை நீட்டிக்கொள்ளக் காத்திருப்பு அறைக்குள் நுழைந்தாள். நுழையும்போதே போன் அடித்தது. தம்பி.

"எங்கக்கா இருக்கே?" குரலில் ஒரு பதற்றம்.

"கணவாய்லதான். எனக்கு முன்னால நாலு வண்டி நிக்குதுடா. லேட்டாகும் போல."

"சீக்கிரம் வாக்கா. மருந்து வாங்கப் போறேன்னு காலைல போனவ இன்னும் வரல. போனையும் எடுக்க மாட்டேங்கறா. அப்பா வேற சும்மா வியாழக்கிழமை வியாழக்கிழமைங்கறாரு, எனக்கு ஒண்ணும் புரியல" என்று அவன் படபடவென்று சொல்லிவிட்டு வைத்தான்.

ஊசியம்மா போனைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பினாள். கண்ணாடி ஓரத்து பெஞ்சில், மடியில் குடையை வைத்துக்கொண்டு, கையில் காகிதக் கோப்பையோடு தம்பி மனைவி உட்கார்ந்திருந்தாள். அவள் காலியாகக் கிடந்த நிறுத்துமிடத்தைப் பார்த்தாள், பிறகு இவளைப் பார்த்தாள்.

"அந்த நாலு வண்டி எங்க அண்ணி நிக்குது?" என்று கேட்டாள்.

குத்திக் காட்டுகிற குரலாக இருந்தால்கூடப் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருக்கலாம். அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். ஊசியம்மாவுக்கு முகம் சுண்டிப்போனது. பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தாள்.

"நீ எப்படிம்மா இங்க?"

"பஸ்ல. மருந்து வாங்கத்தான் கிளம்பினேன். ஸ்டாப்புல மலைக்குப் போற பஸ் நின்னுச்சு. ஏறிட்டேன். எங்க இறங்கறதுன்னு தெரியல. இங்க டாய்லெட் சுத்தமா இருக்கும்னு நீங்கதானே சொன்னீங்க? இறங்கிட்டேன்." கோப்பையைச் சுழற்றிப் பார்த்தாள். "மூணு மணி நேரமா உக்காந்திருக்கேன். யாரும் என்னை எதுவும் கேக்கல அண்ணி. அந்த மெஷின்கூட சக்கரை வேணுமான்னு ஒரே ஒரு தடவைதான் கேட்டுது."

ஊசியம்மா சிரித்துவிட்டாள். தம்பி மனைவியும் சிரிக்கத் தொடங்கி, பாதியில் அது அழுகையாக மாறி, மூக்கை உறிஞ்சி நிறுத்திக்கொண்டாள்.

"வீட்ல தேடறான்" என்றாள் ஊசியம்மா.

"தேடட்டும். ஒரு நாள் அவரே மாமாவுக்கு நாப்கின் மாத்தத் தெரிஞ்சுக்கட்டும்." பிறகு பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினாள். அஞ்சலகத்திலிருந்து வந்த கடிதம். பழைய கவுண்டர் காலியாகிறது, விருப்பமிருந்தால் வருகிற வியாழனுக்குள் பதில் தெரிவிக்கவும் என்றிருந்தது. "இதை உங்க தம்பிகிட்ட இன்னும் காட்டல. காட்டினா சரின்னுதான் சொல்வாரு. அவர் எதுக்குத்தான் வேணாம்னு சொல்லியிருக்காரு? அப்புறம் யார் பாத்துக்கறது? அதுக்கு மட்டும் பதில் வராது."

வெளியே சார்ஜரின் திரையில் எண்கள் ஏறிக்கொண்டிருந்தன. இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது. அறுபதில் ஊசியம்மா வாயைத் திறந்தாள். யோசித்து எடுத்த முடிவு என்று அதைச் சொல்ல முடியாது. நல்ல மனசு என்றும் சொல்ல முடியாது. கையும் களவுமாகப் பிடிபட்டவள் எதையாவது கொடுத்துத் தப்பிக்கப் பார்ப்பாளே, அந்த வேகத்தில் வாயில் வந்தது.

"அப்பாவை நான் கூட்டிட்டுப் போறேன்."

தம்பி மனைவி நன்றி சொல்லவில்லை. "எத்தனை நாளைக்கு?" என்று கேட்டாள். கவுண்டரில் உட்கார்ந்து பழகியவள். தேதி தெரியாமல் எதையும் வாங்கிக்கொள்ள மாட்டாள்.

"ஆறு மாசம். அப்புறம் பேசிக்கலாம்."

"அண்ணன்கிட்ட கேக்க வேணாமா?"

ஊசியம்மா அங்கேயே கணவருக்குப் போன் போட்டாள். விஷயத்தைச் சொன்னாள். மறுமுனையில் ஏதோ லிஃப்டின் மணி அடித்துக்கொண்டிருந்தது. "மாடிப்படி பதினெட்டு இருக்கு" என்றார் அவர். மணி மறுபடி அடித்தது. "நாற்காலியில வெச்சுத் தூக்கிடலாம். உள்ரூமைக் காலி பண்றேன்" என்றார்.

எண்பதில் வயரை எடுத்துவிட்டு இரண்டு பேரும் கிளம்பினார்கள். போய்ச் சேர்ந்தபோது தம்பி வாசலில் நின்றுகொண்டிருந்தான். சட்டையெல்லாம் ஈரம். மனைவியைப் பார்த்ததும் படியிறங்கி வந்தான். "மூணு தடவை மாத்தினேன்" என்றான். "மூணும் கோணல்."

"நாலாவது சரியா வரும்" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவை ஏற்றினார்கள். முன் சீட்டைப் பின்னால் சாய்த்து, இடுப்புக்கு இரண்டு பக்கமும் தலையணை கொடுத்து, சக்கர நாற்காலியை மடக்கி டிக்கியில் போட்டார்கள். தம்பி பின் சீட்டில் உட்கார்ந்து அப்பாவின் தோளை ஒரு கையால் பிடித்துக்கொண்டான். தம்பி மனைவி மாத்திரை டப்பாக்களைக் கொடுத்தாள். எந்தக் குரலுக்கு என்ன அர்த்தம் என்று ஒரு தாளில் எழுதியும் கொடுத்தாள். கார் தெருமுனை திரும்பும் வரை வாசலில் நின்றாள். அப்பா திரும்பிப் பார்க்க முயன்றார். கழுத்து அவ்வளவு தூரம் வரவில்லை.

முதலில் வந்த சரிவு சார்ஜரில் பத்து நிமிடம்தான் நின்றார்கள். அதற்கப்புறம் வளைவுகள் ஆரம்பித்ததும் அப்பா குரலை உயர்த்தினார். "வியாழக்கிழமை! வியாழக்கிழமை!" தம்பி தாளைப் புரட்டினான். தண்ணீர் கொடுத்தார்கள், துப்பினார். தலையணையை மாற்றினார்கள், கையைத் தட்டிவிட்டார். கடைசியில் தற்செயலாக ஊசியம்மா கண்ணாடியை இறக்கினாள். குளிர்ந்த காற்று முகத்தில் அடித்ததும் மனிதர் அடங்கினார்.

"இது தாள்ல இல்லையே" என்றான் தம்பி.

"வீட்டுக்குள்ளயே கிடந்தவருக்குக் காத்து எங்கேர்ந்து வரும்? எழுதிக்கோ."

அவன் நிஜமாகவே எழுதிக்கொண்டான்.

கணவாயை அடைந்தபோது அப்பாவுக்கு உடை மாற்ற வேண்டியிருந்தது. சக்கர நாற்காலிக்காரர்களுக்கென்று அகலமான கதவோடு ஒரு கழிப்பறை இருந்தது. சுவரோடு மடங்குகிற பலகை, வெந்நீர்க் குழாய், பிடித்துக்கொள்ளக் கம்பி. அந்த அறையைக் கட்டியவன் யாரையோ தூக்கிப் பார்த்தவனாகத்தான் இருக்க வேண்டும். தம்பி அப்பாவைத் தழுவித் தூக்கினான், ஊசியம்மா துடைத்தாள். அப்பா கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் இரண்டு பேரும் அவர் முகத்தைப் பார்க்காமல் வேலையை முடித்தார்கள். இந்தத் தடவை கோணலாக வரவில்லை.

பிறகு அவரை வெயில் விழுகிற கண்ணாடி ஓரமாகக் கொண்டுபோய் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். தம்பியின் கண்கள் சிவந்திருந்தன. முந்தின நாள் ஷிஃப்ட் முடிந்து வந்தவன் தூங்கியிருக்கவில்லை.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டா?"

"கேளு."

"பஸ் இருந்துச்சுல்ல?"

"இருந்துச்சு" என்றாள்.

"காலைல ஆறே முக்காலுக்கு ஒண்ணு. ஒன்பதரைக்கு ஒண்ணு."

"மத்தியானம் ரெண்டுக்கும் ஒண்ணு இருக்கு. எல்லாம் மனப்பாடம்டா."

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். திட்டப்போகிறான் என்று நினைத்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் தோன்றியது.

"அப்பாவை அப்படிப் பாக்க மனசு தாங்கலன்னு சொல்லிடலாம்" என்றாள் அவளே. "ஆனா அது இல்ல. தினம் நூறு சீக்காளியைப் பாக்கறவ நான். அடிக்கடி வந்து கண்ணால பாத்துட்டா, இதுல என் பங்கு என்னன்னு எனக்கே தெரிஞ்சுடும். அதுக்கப்புறம் தெரியாத மாதிரி இருக்க முடியாது. அதனாலதான் வரல. நீங்க கேக்கவும் இல்ல."

"கேட்டிருக்கணும்" என்றான் தம்பி. "அவ கேளுங்க கேளுங்கன்னு சொல்லிட்டே இருந்தா. நான்தான் அக்கா பாவம், வண்டி தாங்காதுன்னுட்டேன். உன்கிட்ட கேட்டு நீ முடியாதுன்னுட்டா, அப்புறம் உன்கூட எப்படிப் பேசறது? அதுக்கு வண்டி மேல பழியைப் போடறது எனக்கும் வசதியாத்தான் இருந்துச்சு."

அவள் அவன் முதுகில் கையை வைத்தாள். பள்ளிக்கூட நாளில் அவனுக்குக் காய்ச்சல் வந்தால் வைக்கிற மாதிரி. அதற்குமேல் அந்தப் பேச்சை இரண்டு பேரும் எடுக்கவில்லை. எடுத்தாலும் என்ன ஆகப்போகிறது, மூன்று வருஷம் மூன்று வருஷம்தான்.

அப்பா நடுவில் புகுந்து ஒரு வியாழக்கிழமை போட்டார். தாளைப் பார்த்தார்கள். இல்லை. காற்று கேட்கிற குரலும் இல்லை, தண்ணீர் கேட்கிற குரலும் இல்லை. அவர் இடது கையைத் தூக்கிக் காப்பி மெஷினைக் காட்டினார். டாக்டர் காப்பி கூடாது என்று சொல்லியிருந்தார். ஊசியம்மா போய் அரைக் கோப்பை வாங்கி, ஆற்றி, புரையேறாமலிருக்க மாவு கலந்து கெட்டியாக்கி, ஸ்பூனில் கொடுத்தாள். மனிதர் கண்ணை மூடிக்கொண்டு குடித்தார்.

நாலு மணிக்கு வீடு வந்து சேர்ந்தார்கள். பதினெட்டுப் படியையும் இரண்டு ஆண்களும் நாற்காலியோடு தூக்கி ஏறினார்கள். ஒன்பதாம் படியில் இறக்கி வைத்து மூச்சு வாங்கினார்கள். "இந்தக் கட்டடத்துக்கு ஒரு லிஃப்ட் போடச் சொல்லணும்" என்றார் கணவர். "யார்கிட்ட சொல்றது?" என்றான் தம்பி. மேலே கட்டிலுக்கு வந்து சேர்ந்த அப்பா, புது அறையின் சுவரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தூங்கிப்போனார். தம்பி டீயைக்கூடக் குடிக்காமல் அந்தக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே தரையில் சுருண்டான். காலை ஆறே முக்கால் பஸ்ஸில் ஊருக்குப் போனான்.

சொன்னபடி எல்லாம் நடந்தது என்று சொல்ல முடியாது, ஆனாலும் நடந்தது. கணவர் மத்தியான ஷிஃப்டுக்கு மாறிக்கொண்டார். ஊசியம்மா ஒன்றரைக்கு வேலை முடித்து வந்தால், வாசலில் செருப்போடு நின்றபடியே அவர் ஒப்படைப்பார்: சாப்பிட்டாச்சு, மாத்திரை ஆச்சு, வெளிக்குப் போகல. கால் மணி நேரம்தான் ஒருவரையொருவர் பார்ப்பார்கள். கல்யாணமான இருபத்தாறு வருஷத்தில் இவ்வளவு குறைவாகச் சண்டை போட்டதே இல்லை, சண்டைக்கு நேரமில்லை. அவளுக்கு இடுப்பு வலி நிரந்தரமாக வந்து குடியேறியது. அவளுடைய விரல் இடுக்குகளும் வெடித்தன. பரிசோதனைக் கூடத்தில் கையுறை போடும்போது எரிந்தது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தம்பி ஒரு நண்பனின் மின்சாரக் காரைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்து ஒரு நாள் பார்த்துக்கொண்டான். நாப்கின் மாற்றுவதில் அக்காவையே மிஞ்சிவிட்டான். அப்பாவிடம் முன்னேற்றம் ஒன்றும் இல்லை. ஜன்னல் ஓரத்தில் உட்கார வைத்தால் மட்டும் சத்தம் போடுவதில்லை.

தம்பி மனைவி கவுண்டருக்குத் திரும்பிய முதல் வாரம், ஒரு மத்தியானம் போன் செய்தாள். அப்பா கட்டிலில் மதியத் தூக்கத்தில் இருந்தார். ஊசியம்மா பக்கத்து நாற்காலியில் அரைத் தூக்கத்தில் இருந்தாள்.

"வேலை எப்படிம்மா இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு அண்ணி. காலுதான் வீங்குது." பிறகு சொன்னாள்: "காலைல அஞ்சு மணிக்கே முழிப்பு வந்துடுது. எழுந்து அந்த ரூம்ல போய் நிக்கறேன். கட்டில் காலியா இருக்கு. என்ன பண்றதுன்னே தெரியல."

"திரும்பிப் போய்ப் படுத்துக்கோ."

"தூக்கம் வர மாட்டேங்குது."

"எனக்கு வருது. வெச்சிடட்டா?"

மறுமுனையில் அவள் சிரிப்பது கேட்டது. வைக்கவில்லை. "மாமா சாப்பிட்டாரா?" என்று கேட்டாள்.

"அரைக் கிண்ணம்."

"சூடு ஆறிடுச்சுன்னா சாப்பிட மாட்டாரு. நடுவுல ஒரு தடவை சூடு பண்ணிக் குடுங்க."

"சரிம்மா" என்றாள் ஊசியம்மா. எழுந்து போய்த் தாளை எடுத்து, கடைசி வரிக்குக் கீழே அதையும் எழுதி வைத்தாள்.